மிச்சம் பிடித்த வெளிச்சம்

'அன்பார்ந்த கபடி ரசிகப் பெருமக்களே' என்று ஆரம்பித்தே பழகிப்போன வாய் இது. வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டாலும் அப்படித்தான் வரும், அதற்காகவே என் சம்சாரம் தண்ணீர் தராமல் உட்கார்ந்திருந்த நாளும் உண்டு. பேர் கோயில்பிச்சை. ஊத்துமேட்டில் வந்து மைக் கோயில்பிச்சை என்று கேட்டால்தான் ஆள் காட்டுவார்கள். கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல் காட்டுக்கு நடுவில், தீப்பெட்டி ஆபீஸ் மருந்து வாடை அடிக்கிற எங்கள் ஊரில் வளர்பிறை கபடிக் குழு என்று ஒன்று இருக்கிறது, அதில் ஆம்பளைகள் அணி ஒன்று, பொம்பளைப் பிள்ளைகள் அணி ஒன்று, ஆம்பளைகள் தோற்றால் சோடா, பிள்ளைகள் ஜெயித்தால் ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு, இத்தனையையும் வருஷக்கணக்கில் மைக்கில் சொல்லிச் சொல்லித் தொண்டையைக் கெடுத்துக்கொண்டவன் நான். அதனால் எங்கள் பிள்ளைகள் வெளிச்சத்தைப் பிடித்த கதையையும் நான் சொல்வதுதான் முறை. வேறு எவன் சொன்னாலும் புளுகு கலந்திருக்கும்.

பிள்ளைகள் அணிக்குக் கேப்டன் சண்முகக்கனி. கனி என்று கூப்பிடுவோம். காலையில் போனால் சாயங்காலம் ஆறு மணிவரை தீப்பெட்டி ஆபீஸில் சட்டத்தில் குச்சி அடுக்குவாள். ஒரு குச்சி சாய்ந்திருந்தாலும் மேஸ்திரி திட்டுவான், வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு வருவாள். ஆனால் மைதானத்தில் இடது கார்னரில் வந்து நின்றாள் என்றால் அது வேறு கனி. பாடி வருகிறவளுடைய கணுக்கால் ஒரு விரற்கடை இந்தப் பக்கம் வந்தால் போதும், குனிந்தது தெரியாது, பாய்ந்தது தெரியாது, கால் அவள் கையில் இருக்கும். பிடித்தால் பிடித்ததுதான். அந்தப் பிடியைத் திமிறிக்கொண்டு போய் நடுக்கோட்டைத் தொட்டவள் இந்த வட்டாரத்திலேயே கிடையாது, இருந்தால் நான் மைக்கை வைத்துவிட்டுப் பால் வியாபாரம் பார்க்கப் போகிறேன்.

என்ன புண்ணியம், அணியில் இருக்கிற பிள்ளைகள் எல்லாருமே தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகள், அவர்களுக்கு வேலை விடும்போது சூரியனும் வேலையை விட்டுவிட்டுப் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பகலில் ஆடலாமே என்றால், ஞாயிற்றுக்கிழமை பூராவும் ஆம்பளைகள் அணி தோற்பதற்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கும். கம்பத்தில் இருந்த பழைய ஹாலஜன் விளக்கோ எரிந்ததைவிடக் குடித்தது அதிகம். கரண்டு பில்லைப் பார்த்துத் தலைவர் வெயிலுமுத்து அண்ணாச்சிக்கு ஒரு தடவை கண்ணே இருட்டிவிட்டது. அவர் பலசரக்குக் கடைக்காரர். அன்றைக்கே ப்யூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தன் கல்லாவில் பூட்டிவைத்துவிட்டார். பிள்ளைகள் நாலு மோட்டார் சைக்கிளின் ஹெட்லைட்டைப் போட்டு ஆடிப் பார்த்தார்கள், பாதி ஆட்டத்தில் ஒருத்தன் சினிமாவுக்கு நேரமாகிவிட்டது என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். கனியின் அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "லைட்டு இருந்தா போ, இல்லன்னா வீட்ல கெட. இருட்டுக்குள்ள பொம்பளப் பிள்ளைக்கு என்னட்டி சோலி?" ஊரில் எல்லா அம்மாமாரும் அதையே சொன்னார்கள். அன்றிலிருந்து கனி ஆறு மணிக்கு வந்து, மைதானத்து ஓரத்தில் சும்மா நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவாள்.

இப்படி இருக்கும்போதுதான் கிராமத்து விளையாட்டுக் குழுக்களுக்கு மின்சிக்கன விளக்கு என்று ஒரு திட்டம் வந்தது, வெயிலுமுத்து அண்ணாச்சி யார் யாரையோ பார்த்தார், எதெதுக்கோ கையெழுத்துப் போட்டார், ஒரு நாள் லாரியில் எட்டு எல்.இ.டி. விளக்கு வந்து இறங்கி, கம்பத்தில் ஏறி, பளீரென்று எரியவும் எரிந்தது. திறந்துவைக்க வந்தவர் குணாளன் சார், திட்டத்தின் ஆய்வாளர். நல்ல மனுஷன், மெலிந்த உடம்பு, கையில் டிபன் பை, யார் எதைக் கேட்டாலும் "என் கையில எதுவும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மீதியைப் பேசுவார். மைக்கை வாங்கி அவர் பேசிய பேச்சு எனக்கு அப்படியே மனப்பாடம்.

"இது ஜனங்க வரிப்பணம். விளக்கு எரியுறது பெரிசில்லை, மிச்சம் பிடிக்கணும். அதுதான் இந்தத் திட்டத்துக்கே உயிர். மூணு மாசம் கழிச்சு வருவேன். மிச்சம் பிடிச்சிருந்தீங்கன்னா விளக்கு உங்களுக்கே. பிடிக்கலைன்னா கழட்டி வேற ஊருக்குக் கொண்டுபோயிருவோம். அதுல என் கையில எதுவும் இல்லை."

வேறு ஊராக இருந்தால் தலையாட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்திருப்பார்கள். எங்கள் ஊரில் பிடி என்றால் பிடிதான், அதற்கு இரண்டாவது அர்த்தம் கிடையாது. பந்தியில் ஒருத்தனிடம் "பாயசத்தைப் பிடி" என்று சொன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குனிகிற ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் வந்து, அதுவும் கார்னரில் நிற்கிற பிள்ளையைப் பார்த்து, மிச்சம் பிடி என்று அரசாங்கமே சொன்னால் அவள் என்ன செய்வாள், நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் சாயங்காலம் விளக்குப் போட்டதும் கனி ஆடவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். வெளிச்சம் ஆடுகளத்துக்குள் நிறைந்து, கோட்டைத் தாண்டிச் சிந்தி, வேலிக்கு அந்தப் பக்கம் கருவேலஞ் செடி மேலும், சாக்கடை மேலும், டீக்கடை சங்கிலிபாண்டியின் பின்பக்கச் சுவர் மேலும் சும்மா கிடந்தது. சாக்கடைக்குக் கபடி ஆட வெளிச்சம் எதற்கு?

"ஏட்டி, இந்தா கெடக்கு பாருங்க மிச்சம்" என்றாள் கனி. "பிடிங்கட்டி!"

சொன்னவள் முதல் ஆளாகப் பாய்ந்தாள். வெளிச்சத்தின் ஓரம் எங்கே இருட்டைத் தொடுகிறதோ அந்த இடத்தை, கணுக்காலைப் பிடிக்கிற மாதிரியே பிடித்தாள். வெளிச்சம் திமிறியது, இழுத்தது, அவளைக் கருவேலஞ் செடி வரைக்கும் கொண்டுபோனது, அதற்குள் மற்ற ஆறு பிள்ளைகளும் சங்கிலி கோத்துச் சுற்றி வளைத்து மேலே விழ, மூச்சுவிட்டுப்போன ஆள் மாதிரி அடங்கி, அவள் கையோடு வந்துவிட்டது. வெதுவெதுப்பாக, ஒரு கோழிக்குஞ்சு கனம் இருந்தது. வெயிலுமுத்து அண்ணாச்சி கடையிலிருந்து காலிச் சீனிச் சாக்கு வந்தது, அதில் போட்டு வாயைக் கட்டினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருட்டு, இந்தப் பக்கம் வெளிச்சம், கோடு போட்டது மாதிரி சுத்தமாக இருந்தது. நான் மைக்கில், "முதல் பிடி, சண்முகக்கனி, ஒரு புள்ளி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அதைப் பார்த்து ஆம்பளைகள் அணிக்கு ரோஷம் வந்தது. பிள்ளைகள் பிடிக்கிறதை நாம் பிடிக்க மாட்டோமா என்று நாலு பேர் மீசையை நீவிக்கொண்டு இறங்கினார்கள். எல்லாரும் பாடிப் போகிற ஆட்கள், பிடிக்கத் தெரியாது. வெளிச்சத்தைத் தொட்டுவிட்டு ஓடி வந்தே பழக்கம். ஒருத்தன் மட்டும் விடாமல் பிடித்தான், அது அவனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தது. அதோடு அவர்கள், இதெல்லாம் பொறுமையாகச் செய்கிற வேலை, பொம்பளைகளுக்குத்தான் சரி என்று பெரிய மனசோடு விட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

தினமும் பயிற்சி முடிந்ததும் பிள்ளைகள் மிச்சம் பிடிப்பார்கள், சாக்கு நிறையும், குழுவின் தளவாட அறையில் அடுக்குவார்கள். கொஞ்ச நாளிலேயே ஊருக்கு அதன் பக்குவம் பிடிபட்டுவிட்டது. சாக்கைத் தலைகீழாக வைக்கணும், இல்லையென்றால் வெளிச்சம் மேலே வழிந்து கூரையில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் சுரண்டத்தான் வேண்டும். ஈரக் கையோடு தொடக்கூடாது. ஒரு வாரத்துக்கு மேல் வைத்தால் மஞ்சள் தட்டி லேசாகப் புளித்த வாடை வரும், அதை மாட்டுத் தொழுவத்துக்குக் கொடுத்துவிடலாம், மாடு ஒன்றும் சொல்லாது. வெயிலுமுத்து அண்ணாச்சி அதைத் தராசில் வைத்துப் பார்த்தார், தட்டு கீழே போவதற்குப் பதில் மேலே போனது. "யாவாரத்துக்கு ஒத்துவராத சரக்கு" என்று சொல்லிவிட்டு, உழக்கால் அளந்து கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்கச் சொன்னார். ஆனால் ஆய்வாளர் வந்து பார்க்கும்போது அறை நிறைய இருக்கவேண்டும் என்று கனி கண்டிஷன் போட்டாள். ஒரு உழக்கு வெளியே போனால் மறுநாள் இரண்டு உழக்குப் பிடித்து வைத்துவிடுவாள்.

சும்மா கிடைக்கிறது என்றால் ஊர் சும்மா இருக்குமா? சங்கிலிபாண்டி டீயில் ஒரு சிட்டிகை போட்டு ஸ்பெஷல் டீ என்று விற்றான், குடித்தவனுக்கெல்லாம் பல் ஒளிவிட ஆரம்பித்தது. சண்டைக்காரர்கள்கூடப் பல்லைக் காட்டிக்கொண்டே திட்டிக்கொண்டதில் இரண்டு வாய்க்கால் தகராறு தானாகவே தீர்ந்தது. அம்மன் கோயிலுக்கு ஒரு உழக்கு, சர்ச்சுக்கு ஒரு உழக்கு என்று முடிவானதும், யாருக்கு முதலில் என்று பெரிய பேச்சு கிளம்பியது, கடைசியில் பூசாரியையும் ஃபாதரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்து, கனி இரண்டு கையிலும் இரண்டு உழக்கு எடுத்து ஒரே நேரத்தில் ஊற்றினாள். ரேஷன் கடையில் ஒரு உழக்கு வைத்தோம். தராசு முள் நன்றாகத் தெரிய ஆரம்பித்ததும், "எங்களுக்கு இது ஒத்துக்காதுங்க, கண்ணு கூசுது" என்று அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேலத்தெருவில் ஒரு பெண்ணைப் பார்க்க வந்தபோது, வீட்டார் அவள் கன்னத்தில் பவுடரோடு கொஞ்சம் கலந்து பூசிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் மாப்பிள்ளையின் தகப்பனார் மட்டும் தயங்கித் தயங்கி, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு, கரண்டு பில்லு யாரு கட்டுறது?" என்று கேட்டார்.

கோழி விஷயம்தான் கொஞ்சம் தொந்தரவு. சிந்தியதைக் கொத்தித் தின்ற கோழிகள் இட்ட முட்டை அடுப்பங்கரையில் விளக்கு மாதிரி எரிந்தது, அதைப் பார்த்துச் சேவல்களுக்கு விடிந்ததா விடியவில்லையா என்று குழப்பம் வந்து, ஒவ்வொன்றும் தனக்குத் தோன்றியபோது கூவத் தொடங்கியது. தீப்பெட்டி ஆபீஸ் மேஸ்திரி அதை நம்பி ஒரு நாள் நடுச்சாமத்தில் வந்து கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். அதில் எங்கள் பிள்ளைகளுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

கேட்டீர்களா, இவ்வளவு சிரிப்புக்கு நடுவிலும் கனி ஒருத்திதான் சிரிக்கவில்லை. அவளுக்கு ஒரே கவலை. மூணு மாசம் கழித்து அந்த மனுஷன் வருவார், மிச்சத்தைக் காட்டு என்பார், குறைவாக இருந்தால் விளக்கு போய்விடும், விளக்கு போனால் அம்மா விடமாட்டாள், அம்மா விடவில்லை என்றால் ஆட்டம் முடிந்தது, அதற்கப்புறம் குச்சி, வீடு, குச்சி, வீடு. பயிற்சி ஆரம்பிக்கும்போதெல்லாம் அண்ணாந்து விளக்கை ஒரு தடவை பார்த்துக்கொள்வாள். "இருக்கா மாமா?" என்று என்னிடம் கேட்பாள், ஏதோ நான் பிடுங்கிக்கொண்டு போகிறவன் மாதிரி. இருக்கு தாயி, இருக்கு என்பேன்.

அந்தக் கவலையில்தான் அவளுக்கு ஒரு யோசனை வந்தது, வந்திருக்கவே கூடாத யோசனை. "அதிகம் எரிஞ்சாத்தான மாமா அதிகம் சிந்தும்? அதிகம் சிந்துனாத்தான அதிகம் பிடிக்கலாம்?" என்றாள். கேட்கிறதுக்கு நியாயமாகத்தான் இருந்தது. நானும் ஆமாம் என்றேன், வெயிலுமுத்து அண்ணாச்சியும் ஆமாம் என்றார், கணக்கு வாத்தியார் ஒருத்தர் டீ குடித்துக்கொண்டு நின்றார், பல் பளபளக்க அவரும் ஆமாம் என்றார். அன்றிலிருந்து பிள்ளைகள் ஆடுகிற இரண்டு மணி நேரம் போக, ஆள் இல்லாத நேரத்திலும் எட்டு விளக்கும் எரிந்தது. சாக்குகள் அறைக்குள் கொள்ளாமல் வராந்தாவுக்கு வந்தன. ஊரே பெருமையாகப் பார்த்தது.

குணாளன் சார் சொன்ன தேதிக்குச் சரியாக வந்தார், பொழுது சாய்கிற நேரத்தில். ஜீப்பின் மேல் ஒரு ஏணி கட்டியிருந்தது, பின்னால் இரண்டு ஃபிட்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அந்த ஏணியைப் பார்த்ததுமே கனியின் முகம் செத்துப்போனது. ஆனாலும் தைரியமாக அவரைத் தளவாட அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு சாக்கின் வாயை அவிழ்த்துக் காட்டினாள். அவர் முகத்தில் பளீரென்று அடித்தது. அவர் சட்டைப் பையிலிருந்து கூலிங் கிளாஸை எடுத்துப் போட்டுக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்த்து, கையை விட்டு அளைந்து பார்த்து, பழையபடி ஒழுங்காக முடிச்சுப் போட்டுக் கட்டிவைத்தார்.

"இது என்னம்மா?"

"மிச்சம் சார்."

"இது மிச்சம் இல்லம்மா, வெளிச்சம்."

"மிச்ச வெளிச்சம் சார். நாங்க பிடிச்சது. வராந்தாவுலயும் இருக்கு."

"அம்மாடி, மிச்சம்னா மீட்டர்ல குறையணும். சாக்குல கூடக்கூடாது."

அவர் கூலிங் கிளாஸைக் கழற்றாமலேயே மீட்டரைப் போய்ப் பார்த்தார். பழைய ஹாலஜன் விளக்கு எரிந்த காலத்தில் ஓடியதற்கு மேல் ஓடியிருந்தது. "ஏங்க, ஆள் இல்லாதப்பவும் எரிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். "மிச்சம் பிடிக்கத்தான் சார்" என்றார் வெயிலுமுத்து அண்ணாச்சி, பெருமையை இன்னும் விடாமல். குணாளன் சார் தலையில் கைவைத்தார். அவர் கையில் வைத்திருந்த தாளில் 'சேமிப்பின் அளவு' என்று ஒரு கட்டம் இருந்தது, அது காலியாக இருந்தது. சாக்கைப் போடுவதற்கு அதில் கட்டம் எதுவும் இல்லை, நானும் எட்டிப் பார்த்தேன்.

"எனக்கு உங்க மேல எந்த வருத்தமும் இல்லை. நல்லாப் பிடிச்சிருக்கீங்க. ஆனா விதியில இதுக்கு எடமில்லை. பக்கத்து ஊர்க்காரங்க விளக்குக் கேட்டுக் காத்துக்கிடக்காங்க. என் கையில எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டு, ஃபிட்டர்களைப் பார்த்து ஏணியை இறக்கச் சொன்னார்.

கனி அசையாமல் நின்றாள். வெயிலுமுத்து அண்ணாச்சி அவளை வேலி ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தார். "ஏ பிள்ள, இனி பேசிப் பிரயோசனம் இல்ல. போய் அந்த மனுஷன் காலப் பிடி. வேற வழியே இல்ல."

கனி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எந்தக் கால் அண்ணாச்சி?"

"எந்தக் காலா? அதிகாரி காலுட்டி!"

"அது தெரியுது. இடதா, வலதா?"

அண்ணாச்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்ததில் அவள் கேட்டது காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது. விழுந்ததும் எனக்கு என்ன நடக்கப்போகிறது என்று புரிந்துவிட்டது, தடுத்திருக்கலாம், ஆனால் கர்த்தர் சத்தியமாக எனக்குத் தடுக்கத் தோன்றவில்லை. மைக்கைப் போய் ஆன் செய்தேன்.

ஃபிட்டர்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றிப் போனார்கள். குணாளன் சார் எந்தக் கம்பத்தில் முதலில் ஏறுவது என்று காட்டுவதற்காகக் குறுக்கே, ஆடுகளத்துக்குள், ஷூக் காலோடு நடந்தார். பிள்ளைகள் ஏழு பேரும் அவரவர் இடத்தில் வந்து நின்றிருந்தார்கள், ஒருத்தரும் கூப்பிடவில்லை, பழக்கத்தில் அப்படி நின்றார்கள். என் வாயும் பழக்கத்தில் தன் வேலையைத் தொடங்கியது: "அன்பார்ந்த கபடி ரசிகப் பெருமக்களே, எதிரணியிலிருந்து ஏறி வருகிறார் ஆய்வாளர் குணாளன் அவர்கள், நடுக்கோட்டைத் தாண்டிவிட்டார், பாட்டு இன்னும் தொடங்கவில்லை, இடது கார்னர் பக்கம் வருகிறார், வருகிறார், வந்துவிட்டார்..."

வலது கால். கனி கணுக்காலைப் பிடித்தாள். அந்த மனுஷன் கரிசல் மண்ணில் பொத்தென்று விழுந்தார், டிபன் பை ஒரு பக்கம் போனது, கூலிங் கிளாஸ் ஒரு பக்கம் போனது, மற்ற ஆறு பிள்ளைகளும் சங்கிலி கோத்துச் சுற்றி நின்றுகொண்டார்கள். அவர் "ஐயோ ஐயோ ஐயோ ஐயோ" என்று ஒரே மூச்சில் கத்தினார். "பாட்டை மாற்றிப் பாடுகிறார், ஆனாலும் மூச்சு நன்றாக இருக்கிறது" என்றேன் நான். டீக்கடையில் நின்ற ஊரெல்லாம் கிளாஸோடு ஓடி வந்து வேலியைச் சுற்றி நின்றது. ஜீப் டிரைவர் வந்து அவர் தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அவர் நீண்டாரே தவிர நகரவில்லை.

"விடும்மா! விடு! என்னம்மா இது, அதிகாரி காலைப் பிடிச்சுக்கிட்டு!"

"பிடிக்கச் சொன்னாங்க சார்."

"யாரு சொன்னா? விடு முதல்ல!"

"நீங்க விளக்க விடுங்க சார், நான் கால விடுதேன்."

"விளக்கு என் கையில இல்லம்மா!"

"உங்க காலு என் கையில இருக்குல்லா சார்."

வேலியோரம் சிரிப்பு வெடித்தது, நானும் மைக்கிலேயே சிரித்துவிட்டேன். அப்புறம்தான் கவனித்தேன், கனி அழுதுகொண்டிருந்தாள். மேஸ்திரி எத்தனை திட்டினாலும் அழாத பிள்ளை, பிடியைக் கொஞ்சமும் தளர்த்தாமல், கன்னத்தை மண்ணில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே பேசினாள். அவள் இவ்வளவு பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை.

"உங்க மீட்டரு எனக்குப் புரியல சார். தப்புத்தான். காலையில இருந்து ஆறு மணி வரைக்கும் நான் ஆபீஸுக்கு. எட்டு மணிக்கு மேல வீட்டுக்கு, அடுப்புக்கு, தம்பிக்கு, அம்மைக்கு. நாளைக்கு எவன் வீட்டுக்குப் போகப்போறனோ அவனுக்கு. நடுவுல இந்த ரெண்டு மணி நேரம்தான் சார் எனக்குன்னு இருக்கு. எல்லாரும் எடுத்தது போக நான் மிச்சம் பிடிச்சது அது ஒண்ணுதான். அதையும் கழட்டிக்கிட்டுப் போறீங்க. எப்படி சார் நான் விடுவேன்?"

வேலியோரம் கனியின் அம்மா நின்றுகொண்டிருந்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். ஏணியைச் சாத்திய ஃபிட்டர்கள் ஏறாமல் நின்றார்கள்.

குணாளன் சார் மண்ணில் கிடந்தபடியே, எட்டு விளக்கையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது திமிறவில்லை. "ரெண்டு மணி நேரமா?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"தினமுமா?"

"தினமும் சார். ஞாயித்துக்கிழம கிடையாது, அன்னிக்கு ஆம்பளைங்க."

"எனக்கு இந்த உத்தியோகத்துல பத்து நிமிஷம் மிஞ்சுறதில்லையேம்மா" என்றார் அவர். சத்தியமாகப் பொறாமையோடுதான் சொன்னார். "வீட்டுக்குப் போனா ஃபைலு, ஃபைலை மூடினா போனு. பதினெட்டு வருஷமா ஊர் ஊராப் போய் மிச்சம் பிடி, மிச்சம் பிடின்னு சொல்றேன். நான் இதுவரைக்கும் ஒண்ணும் பிடிச்சதில்லை. நீ எப்படிம்மா ரெண்டு மணி நேரம் பிடிச்சே?"

"விடாமப் பிடிக்கணும் சார்" என்றாள் கனி.

அவர் கையை நீட்டி அந்தத் தாளைக் கேட்டார். டிரைவர் பொறுக்கிக் கொடுத்தார். வெயிலுமுத்து அண்ணாச்சி ஓடிப் போய்ப் பேனா கொடுத்துவிட்டு, எழுதுவதற்குத் தோதாகத் தன் முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் குனிந்தார். ஒரு கால் கனியின் கையில் இருக்க, மற்றக் காலை மடக்கி உட்கார்ந்து, குணாளன் சார் அந்தக் காலிக் கட்டத்தை வெகுநேரம் பார்த்தார். "யூனிட்டுல கேப்பாங்களே" என்று தனக்குத்தானே முனகினார். அப்புறம், "கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுதினார்.

எழுதி முடித்து, "எழுதிட்டேம்மா. ஆள் இல்லாதப்ப மட்டும் விளக்கை அணைச்சுருங்க, அது போதும், அடுத்த தடவை மீட்டரும் பேசும். இப்பவாவது காலை விடு" என்றார்.

கனி விடவில்லை. முழங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மாமா, மைக்குல வாசிங்க" என்றாள்.

நான் போய்த் தாளை வாங்கினேன். நாப்பது வருஷத்தில் எத்தனையோ கோப்பை, எத்தனையோ வெற்றி, எல்லாவற்றையும் இழுத்து இழுத்து வாசித்திருக்கிறேன், அன்றைக்குத்தான் எனக்கு முதல் தடவையாக அன்பார்ந்த என்றுகூட ஆரம்பிக்க வரவில்லை. எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே வாசித்தேன்:

"சேமிப்பின் அளவு: தினமும் இரண்டு மணி நேரம். சேமித்தவர்: சண்முகக்கனி."

கனி காலை விட்டாள்.